கட்டைவிரல் மூலை

எனக்கு எதைப் பார்த்தாலும் குமட்டாது. இருபத்திரண்டு வருஷமாக ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவளுக்குக் குமட்டினால் பிழைப்பு என்ன ஆவது? ரத்தம், சீழ், வாந்தி, பிள்ளை பெற்றவளின் விரிப்பு, செத்தவனின் விரிப்பு, எல்லாவற்றையும் இந்தக் கையால் உதறிப் பிரித்திருக்கிறேன். ஒரு தடவை போர்வைக்குள்ளிருந்து யாருடைய பல்செட்டோ என் கால்மேல் விழுந்தது. அதைக் கழுவித் துடைத்து வார்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தவள் நான். ஆனால் போனில் ஒரு மஞ்சள் கட்டைவிரல் நிமிர்ந்து நிற்குமே, அதைப் பார்த்தால் இப்போது எனக்கு அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வருகிறது. சீ, எழுதும்போதே வருகிறது.

எங்கள் சலவைக்கூடம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு சுவர், சுவரில் பதித்த மூன்று ராட்சச மெஷின்கள். இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். காலையில் அழுக்குப் பக்கம் நின்று பைகளைப் பிரிப்போம். மதியத்துக்கு மேல் குளித்து உடை மாற்றிக்கொண்டு சுத்தப் பக்கம் போய் உருளை இஸ்திரியில் விரிப்புகளைக் கொடுப்போம். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து உள்ளே விட்டால், ஆவி பறக்க மறுபக்கம் வெளியே வரும். அந்த ஆவியில் நின்று நின்று, என் வாய்க்கும் சேர்த்து, எனக்கு 'நீராவி' என்றே பேர் வைத்துவிட்டார்கள். வாரத்தில் ஆறு நாள் வேலை, மொத்தம் ஐந்து பெண்கள்.

போன வருஷம் புது சூப்பர்வைசர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. வந்த அன்றைக்கே எங்கள் ஐந்து பேரையும் ஒரு குரூப்பில் சேர்த்தார். அதற்கு அவர் வைத்த பேர் 'நம்ம குடும்பம்'. அட கண்றாவியே! என் குடும்பத்தில் யார் இருக்க வேண்டும் என்று நான் சொல்லக் கூடாதா? காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூ போட்டு 'குட் மார்னிங்' அனுப்புவார். ஆறே காலுக்குச் சூரியன் போட்டு இன்னொரு 'குட் மார்னிங்'. அதனால் அவருக்கே எங்களுக்குள் 'குட்மார்னிங்' என்று பேராகிவிட்டது.

பூவோடு போயிருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். சட்டம் ஒன்று போட்டார். அவர் எது அனுப்பினாலும் இரண்டு நிமிஷத்துக்குள் எல்லோரும் கட்டைவிரல் போட வேண்டும். நாலாவது வார்டுக்குத் தலையணை உறை வேண்டும் என்றாலும் கட்டைவிரல், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றாலும் கட்டைவிரல். யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று அவருக்குத் தெரியும். போடாதவளை மாடிக்குக் கூப்பிட்டு, ஏசி அறையில் நிற்க வைத்து, சிரித்துக்கொண்டே, "என்னக்கா, நம்ம மேல ஏதாவது கோவமா?" என்று கேட்பார். அந்தச் சிரிப்புக்கு அவர் அறைந்திருந்தாலும் பரவாயில்லை.

முதல் வாரமே நான் கேட்டேன். "சார், கையில கிளவுஸ் இருக்கு, அதுல என்னென்னவோ இருக்கு. எப்படி சார் போனைத் தொடறது?"

"ஒரு விரல்தானே அக்கா. ரெண்டே செகண்ட்."

"அந்த விரல் எதுக்குள்ள இருந்துச்சுன்னு சொல்லட்டுமா?"

"நெகட்டிவா பேசாதீங்க அக்கா," என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

எங்களில் ஒருத்தி மடிப்புக்காரி. துணியை மடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு நாள் அவசரத்தில் கிளவுஸோடேயே போனைத் தட்டிவிட்டாள். மதியம் அதே போனைக் காதில் வைத்து யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசினாள். பேசி முடித்தபோது அவள் கன்னத்தில் பழுப்பாக ஒரு கோடு. என்ன கோடு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் ஓடிப்போய்க் குழாயடியில் முகத்தைத் தேய்த்த தேய்ப்பில் தோலே உரிந்துவிட்டது.

அன்றைக்குத்தான் ஒரு ஏற்பாடு செய்தோம். யோசனை என்னுடையது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் மறைக்கிற எண்ணம் எனக்கில்லை.

எங்களில் மூத்தவள் மூலை அக்கா. முதுகெலும்பில் தட்டு நழுவி, தூக்குகிற வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சுத்தமான தலையணை உறைகளை அடுக்குகிறவள். அவள் கை மட்டும்தான் எப்போதும் காய்ந்திருக்கும். அவள் தலைக்கு மேல் ஒரு பலகை அடித்து, ஐந்து போனையும் பூட்டு இல்லாமல் வரிசையாக அதில் வைத்துவிட்டோம். மணி அடிக்கிற போனை எடுத்து அவள் தட்ட வேண்டும். ஐவருக்கும் அவள் ஒருத்தியே விரல்.

"அடுத்தவ வீட்டு விஷயம் ஏதாவது வரும், நான் எப்படி...?" என்று அவள் தயங்கினாள்.

"படிக்காத. யார் அனுப்பினா, என்னன்னு பாக்காத. கடைசியில எது இருக்கோ அதைத் தட்டிட்டு வச்சிடு." சொன்னது நான்தான். மரியாதைக்காகச் சொன்னேன். அவரவர் வீட்டுக் குப்பை அவரவருக்கு மட்டும் நாறட்டும் என்று.

பிரமாதமாக ஓடியது. குட்மார்னிங்கே பாராட்டினார். மாடியில் நடந்த ஏதோ கூட்டத்தில் எங்கள் பகுதிதான் 'மிக வேகமாகப் பதில் தரும் பகுதி' என்று சொன்னார்களாம். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மூலை அக்கா தன் கட்டைவிரலுக்கு முத்தம் கொடுத்துக்கொண்டாள்.

இப்போது என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே மகள். அவள் அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். இரண்டு வருஷம் முன்பு கல்யாணம் பண்ணி, பஸ்ஸில் நாலு மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஊருக்கு அனுப்பினேன். மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். குடி கிடையாது, குரலை உயர்த்திப் பேசத் தெரியாது, "அத்தை, அத்தை" என்று அப்படி ஒரு பணிவு. நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் "தங்கம், என் மாப்பிள்ளை தங்கம்" என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன். என் மகளிடமும் அதையேதான் சொல்வேன். அவள் ஏதாவது குறை சொல்ல வாயெடுத்தால், "உங்கப்பா மாதிரி ஒருத்தனைக் கட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்டி உனக்கு" என்று அடக்கிவிடுவேன்.

முதல் வருஷம் தினமும் போனில் பேசுவாள். அப்புறம் பேச்சு நின்று எழுத்து ஆரம்பித்தது. எதற்கெடுத்தாலும் மெசேஜ். 'ஏன்டி வாயில கொழுக்கட்டையா?' என்று நினைத்தேன்; கேட்கவும் செய்தேன். 'இதுதான்மா வசதி' என்று எழுதினாள். பெரிய இடத்து நாகரிகம் வந்துவிட்டது போல என்று எனக்கு உள்ளூர எரிச்சல்.

வேலை நேரத்தில் அவள் எழுதுவதெல்லாம் பலகையில் இருக்கிற போனுக்கு வரும். மூலை அக்கா படிக்காமல் தட்டுவாள். சாயங்காலம் நான் போனை எடுத்துப் பார்ப்பேன். 'அம்மா, தலை ரொம்ப வலிக்குது.' அதன் கீழே ஒரு கட்டைவிரல். 'இன்னிக்கு முழுக்க அவர் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல, எல்லாம் மெசேஜ்தான்.' அதன் கீழே ஒரு கட்டைவிரல். அதைப் பார்த்து எனக்குப் பகீர் என்று இருந்திருக்க வேண்டாமா? இல்லை. 'பதில் போயாச்சு' என்றுதான் தோன்றும். ஒரு வேலை குறைந்தது என்கிற நிம்மதி. கால் வலிக்கும், கண் இழுக்கும். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவேன்.

ஒரு கட்டத்தில் அவள் எழுதுவதே நின்றது. ஒரு நாள், இரண்டு நாள் பார்த்தேன். 'அவளே எழுதட்டும், எனக்கென்ன' என்று வீம்பு. பத்தாவது நாள் மனசு கேட்கவில்லை, கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையிடமிருந்து மெசேஜ் வந்தது. 'அவ நல்லா இருக்கா அத்தை. கவலைப்படாதீங்க.' நான் கூப்பிட்டது அவளை. அவன் எப்படிப் பதில் எழுதுகிறான்?

மதிய இடைவேளை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் கடைசியாக என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்த்தேன். ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று மெசேஜ் இருந்தது.

'அம்மா, என்னால இங்க இருக்க முடியல.'

'நான் கொஞ்ச நாள் அங்க வந்து உன்கூட இருக்கட்டுமா?'

'வேணாம்னு நினைச்சா சொல்லு, பல்லைக் கடிச்சுக்கிட்டு இங்கயே இருந்துடறேன்.'

அந்தக் கடைசி வரியின் கீழே, மஞ்சளாக, கொழுகொழுவென்று, ஒரு கட்டைவிரல்.

அதற்குக் கீழே அவள் 'சரிம்மா' என்று எழுதியிருந்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

என் தலைக்குள் உருளை மெஷின் ஓடியது போல இருந்தது. தேதி என்ன, மணி என்ன என்று எதையும் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றுவானேன்? குற்றவாளி யார் என்றுதான் எனக்கு உடனே தெரிந்துவிட்டதே. போனைத் தூக்கிக்கொண்டு நேரே மூலைக்குப் போனேன்.

"அடிப்பாவி! என் பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்துட்டியேடி!"

மூலை அக்கா கையிலிருந்த உறைகள் கீழே விழுந்தன. "என்ன நீராவி, என்ன ஆச்சு?"

"வரட்டுமான்னு கேட்டிருக்கா. வராத, அங்கயே கிடன்னு நீ சொல்லியிருக்க. உன் விரல் அழுகிப் போகாதா? கண்ணு என்ன பொட்டையா? ஒரு வரி, ஒரே ஒரு வரி படிச்சா குறைஞ்சா போயிடுவ?"

"நீதானே படிக்காதன்னு..."

"நான் சொன்னா? நான் சொன்னா உனக்கு அறிவில்லையா? பிள்ளை பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும் உனக்கு!"

சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்துவிட்டது. மூலை அக்காவுக்குப் பிள்ளை இல்லை. இந்தப் பேச்சுக்கு அவள் இருபது வருஷமாக எத்தனை பேரிடம் தலை குனிந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். என் தோளில் சாய்ந்துதான் அழுதிருக்கிறாள். அவள் தன் வலது கையை இடது கைக்குள் மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடிப்புக்காரி, "போதும் விடு அக்கா, விடு" என்று என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

லீவு சொல்ல மாடிக்குப் போனேன். குட்மார்னிங் நாற்காலியில் சுழன்றபடி, "லீவுன்னா குரூப்ல போடுங்க அக்கா. எல்லாருக்கும் தெரியணும்ல," என்றார்.

"உங்க குரூப்பும் நீங்களும் சேர்ந்து துவைக்கற மெஷின்ல விழுந்து சாவுங்க," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் மேலதிகாரியிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அதற்காக எனக்குத் துளியும் வருத்தம் இல்லை.

நாலு மணி நேரமும் பஸ்ஸில் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் மனசுக்குள் உருப்போட்டுக்கொண்டு போனேன். 'அது நான் இல்லடி.' போனவுடன் இதைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். என்னிடம் தப்பில்லை என்று தெரிந்தால் பிள்ளை ஓடி வந்து கட்டிக்கொள்ளும். அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாவது மாடி வீடு. மணியை அடித்தேன். மகள் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது, அடுத்த நொடியே அணைந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் உதட்டை அசைக்காமல், கண்ணால் மட்டும், 'பேசாதே' என்றாள். அலமாரியின் மேல் உள்ளங்கை அளவில் வெள்ளையாக ஒரு உருண்டை இருந்தது. அதன் நடுவே நீலமாக ஒரு பொட்டு வெளிச்சம்.

"வாம்மா, வா. கை கால் கழுவிக்கோ," என்று நாடகத்தில் பேசுவது போல உரக்கச் சொன்னாள். என் கையைப் பிடித்துக் குளியலறைக்குள் கூட்டிப் போய், கதவைத் தாழ் போட்டு, குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் காதை அடைத்தது. கழிப்பிடத்தின் மூடியைச் சாத்தி, அதன்மேல் என்னை உட்கார வைத்தாள். இரண்டு வருஷம் கழித்து மகள் வீட்டில் எனக்குக் கிடைத்த ஆசனம் அது.

"என்னடி இது? அது என்ன கர்மம் அலமாரி மேல?"

"கேமரா. நாம பேசறதும் அதுல கேக்கும்," என்றாள். "முதல்ல திருடனுக்காகன்னு ஹால்ல வச்சார். அப்புறம் கேஸ் கசிஞ்சா தெரியணும்னு கிச்சன்ல ஒண்ணு. ஆபீஸ்ல உக்காந்து பாத்துட்டே இருப்பார்மா. பத்து நிமிஷம் ஜன்னல் கிட்ட நின்னா, 'என்ன பாக்கற?'ன்னு மெசேஜ் வரும். உக்காந்தா 'உடம்பு சரியில்லையா?'ன்னு வரும். உன்கிட்ட போன்ல பேசினா, வீட்டுக்கு வந்ததும் நான் சொன்ன ஒவ்வொண்ணையும் எடுத்து வச்சுக் கேப்பார். அதட்டமாட்டார். கேப்பார், அவ்வளவுதான். இங்க மட்டும்தான் கேமரா இல்ல. இங்க வந்து உக்காந்துதான் உனக்கு எழுதுவேன். அவர் வர்றதுக்கு முன்னாடி அழிச்சிடுவேன்."

என் மகள் கழிப்பறையில் ஒளிந்து உட்கார்ந்து எனக்கு எழுதியிருக்கிறாள். நான் அதை நாகரிகம் என்று நினைத்திருக்கிறேன். அப்போதுகூட நான் என்ன செய்தேன் தெரியுமா? பஸ்ஸில் உருப்போட்டதை ஒப்பித்தேன்.

"அது நான் இல்லடி! அந்தக் கட்டைவிரல். சத்தியமா நான் இல்ல. வேலை நேரத்துல எங்க எல்லார் போனையும் மூலை அக்காதான் பாத்துக்குவா. அவ படிக்காம தட்டிட்டா. நான் இன்னிக்குத்தான் பாத்தேன். அவளைக் கிழிகிழின்னு கிழிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்."

மகள் கையை நீட்டினாள். "உன் போனைக் குடு."

கொடுத்தேன். அவள் விரலால் தள்ளி எதையோ தேடி எடுத்து, என் கண்ணுக்கு நேரே பிடித்தாள். "இங்க பாரு. ஞாயித்துக்கிழமை. சாயங்காலம் ஆறு இருபதுக்கு நான் எழுதியிருக்கேன். ஆறு இருபத்தொண்ணுக்கு உன் விரல் வந்துடுச்சு. ஆறு இருபத்திரெண்டுக்கு நான் சரிம்மான்னு போட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை நீ வேலைக்கே போறதில்லையேம்மா."

தண்ணீர் வாளியில் நிரம்பி வழிந்தது. என் பாதமெல்லாம் நனைந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆறு இருபதுக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் செய்வதுதான். காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, எவனோ ஒருவன் அழுக்குக் கம்பளம் துவைக்கிற வீடியோ பார்த்துக்கொண்டிருப்பேன். சேறு பிடித்த கம்பளத்தில் அவன் நுரையைப் போட்டு வழிப்பான், கறுப்புத் தண்ணீர் போகும், கீழே பூப்பூவாகக் கோலம் தெரியும். ஆறு நாள் பிறத்தியார் அழுக்கைத் துவைத்துவிட்டு, ஏழாவது நாள் இன்னொருத்தன் துவைப்பதை வாயைப் பிளந்து பார்க்கிற ஜென்மம் நான். நடுவில் போன் திரையின் மேலிருந்து ஏதோ மெசேஜ் குறுக்கே வந்திருக்கும். தட்டி விரலைப் போட்டுவிட்டு, மறுபடி கம்பளத்துக்குப் போயிருப்பேன். கடைசியில் இருப்பதை மட்டும் தட்டு, படிக்காதே. நான் சொல்லிக்கொடுத்த பாடம்தானே.

தட்டியது எனக்கு நினைவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. வேண்டுமென்று செய்திருந்தால்கூட அது ஒரு தாய் செய்ததாக இருந்திருக்கும். இது யாரும் செய்யாதது. என் விரல் தானாக எழுந்துபோய் என் மகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறது. மூலை அக்கா கையைக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்முன்னால் வந்தது. அவளை நாலு பேர் முன்னால் திட்டியதை அதே நாலு பேர் முன்னால் வாயால்தான் திரும்ப எடுக்க வேண்டும். எடுத்தாலும் அவள் பிள்ளை இல்லாததைப் பற்றிச் சொன்னதை எந்தத் தண்ணீர் விட்டு நான் கழுவுவது? குமட்டியது. எழுந்து வாஷ்பேசினில் குனிந்தேன். ஒன்றும் வரவில்லை, வெறும் எச்சில்தான்.

மகள் முதுகைத் தடவிவிட்டாள். எனக்குத் தடவிவிட்டாள்! அந்த நேரத்திலும்!

"அன்னிக்கு ஒரு நாள்தான்மா நான் அழிக்கல," என்றாள் அவள். "நீ அப்புறமா ஏதாவது எழுதுவேன்னு விட்டு வச்சிருந்தேன். ஏதோ கை தவறி விழுந்திருக்கும், அம்மா பாத்துட்டுக் கூப்பிடுவான்னு. அதுக்குள்ள அவர் போனை வாங்கிப் பாத்துட்டார். சிரிச்சார். 'பாத்தியா, உங்கம்மாவே சொல்லிட்டாங்க'ன்னார். அடுத்த நாள் பெட்ரூம்லயும் ஒண்ணு கொண்டு வந்து மாட்டிட்டார்."

வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி அவனைத் திட்டினேன். பொறுக்கி, நாறப்பயல், புழுத்துப்போகிறவன். தங்கமாம் தங்கம், நான்தானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். மூலை அக்காவைத் திட்டிய அதே வாய். அப்புறம் குட்மார்னிங்கைத் திட்டினேன், போனைத் திட்டினேன், என்னைத் திட்டிக்கொண்டேன். மகள் சுவரில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவள் சொன்னாள். "வந்ததுல இருந்து யார் தட்டினது, யார் தப்புன்னுதான்மா சொல்லிட்டிருக்க. நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல."

"என்னடி கேட்ட?"

"வரட்டுமான்னு கேட்டேன்."

நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்து, அரை மணி நேரம் இந்தக் குளியலறையில் உட்கார்ந்து, அந்த ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவே இல்லை. அவள் கேட்டதன் கீழே விழுந்த விரலைப் பற்றித்தான் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தேன். கேட்டவளைப் பற்றி அல்ல.

"வாடி," என்றேன்.

"கேக்கல," என்றாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து அதை மூடினாள். சட்டென்று அப்படி ஓர் அமைதி. சொட்டுச் சொட்டாக விழுவதுகூடக் கேட்டது. அப்புறம் போய்க் கதவின் தாழையும் திறந்து விட்டாள். "இப்ப சொல்லு."

"வாடி. இப்பவே கிளம்பு. என்கூட வந்துடு. ஒரே ரூம்தான், இடிச்சுக்கிட்டுப் படுத்துக்கலாம். நம்ம வீட்டுல உன்னை யாரும் வேவு பாக்கமாட்டாங்க," என்றேன். இஸ்திரி மெஷின் சத்தத்தில் பேசிப் பழகிய குரல் எனக்கு. நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அவள் ஹாலைத் தாண்டிப் படுக்கையறைக்குப் போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. நான் ஹாலில் வந்து நின்றேன். அப்போது அலமாரி மேலிருந்த உருண்டை பேசியது.

"அத்தை, வாங்க. எப்ப வந்தீங்க?"

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. அவன் குரல்தான். அதே பணிவு, அதே மென்மை. பக்கத்தில் ஆள் நின்று பேசுவது போலவே இருந்தது.

"சொல்லியிருந்தா ஸ்டாண்டுக்கே வந்திருப்பேனே அத்தை. அவ என்ன எடுத்து வைக்கறா? சாப்பிட்டீங்களா?"

என்னிடம் திட்டுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் எதை எங்கே பார்த்துச் சொல்வது? முகம் இல்லை. காறித் துப்ப ஒரு ஆள் இல்லை. நீலமாக ஒரு பொட்டு, அவ்வளவுதான். இருந்தும் வாயைத் திறந்தேன்.

மகள் ஒரு பையைத் தோளில் மாட்டி, இன்னொன்றைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள். அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை.

"அதுகூடப் பேசிட்டு நிக்காதம்மா," என்றாள். "இந்தப் பையைப் பிடி. ஆறு மணி பஸ்ஸை விட்டா அடுத்தது எட்டுக்குத்தான்."